கோதுமையை நிறுத்தினால் குணமாகுமா?

'கத்தரிக்காயைத் தொடாதே, கருவாட்டை நிறுத்து' என்று மூட்டு வீங்கியவரிடம் பக்கத்து வீட்டு அக்கா சொல்வது நம் லயத்தில் புதிதல்ல. பத்தியம் நமக்குப் பழகிய சங்கதி. ஆனால் எந்த நோய்க்கு எந்தப் பத்தியம் என்று தெரிய வேண்டாமா?

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதால் வருபவை முடக்குவாதம், லூப்பஸ், சீலியாக் போன்ற நோய்கள். இவற்றில் பத்தியத்தாலேயே அடங்குவது சீலியாக். கோதுமை, பார்லி இவற்றிலுள்ள குளுட்டன் என்ற புரதம் அந்நோயாளியின் குடலைக் கெடுக்கிறது. ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, பிள்ளை தேறாமல் போவது எல்லாம் அதனால் வரலாம்.

ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே 1930-களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் யுத்தப் பஞ்சம், ரொட்டியே இல்லை. ஊரே வாடியபோது இந்நோய்ப் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். (அதே நாளில் நம் பெரியவர்கள் ஜப்பான்காரன் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தார்கள்.)

வழக்கமான சோதனைப் பத்தியம் இதுதான்: சந்தேகப்படும் உணவை இரண்டிலிருந்து நாலு வாரம் விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, என்ன செய்தது என்று நோட்டில் எழுதி வைப்பது. ஒரே நாளில் நாலைச் சேர்த்தால் எது கெடுத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்த உணவை மட்டும் வீட்டில் சோதிக்கவே கூடாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

சீலியாக் என்று சந்தேகமிருந்தால் முறையே வேறு. முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். அதுவரை ரொட்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். நோய் உறுதியானால் ஆயுள் முழுக்கப் பத்தியம். ரொட்டி சானாய், சப்பாத்தி, மஞ்சள் மீ, ரவை போகட்டும். கிச்சாப்பிலும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை ஒளிந்திருக்கும், மைலோவில் பார்லி மால்ட் உண்டு. சோறு, இட்லி, உளுந்து, கிழங்கு, மீன் தாராளமாகச் சாப்பிடலாம்.

முடக்குவாதக்காரருக்கு ஒன்று. சிலருக்கு ஏதோ உணவை விட்டதும் வலி குறைகிறது, உண்மைதான். ஆனால் மருந்துக்கு அது ஈடாகாது. 'பத்தியம் இருக்கிறேனே' என்று மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினால் மூட்டு கோணிவிடும். கோணிய விரலால் பால்மரம் சீவ முடியாது.