உங்களுக்குத் தெரியுமா? - சாத்தான் சபைகளின் பங்காளிச் சண்டை

● அமெரிக்காவில் சாத்தான் பெயரில் இயங்கும் அமைப்புகளில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: 'சர்ச் ஆஃப் சாத்தான்', 'தி சாத்தானிக் டெம்பிள்'. இரண்டுமே கடவுள் இல்லை என்பவை. சாத்தானும் இல்லை என்பவை! யாருக்கும் அடிபணியாத மனிதனின் அடையாளமாக மட்டுமே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

● மூத்தது சர்ச் ஆஃப் சாத்தான். 1966 ஏப்ரல் 30 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அன்டன் லாவே தொடங்கியது. கறுப்பு வண்ணம் அடித்த அவர் வீடுதான் தலைமையகம். அந்த ஆண்டையே சாத்தான் யுகத்தின் முதல் ஆண்டு என்று அறிவித்தார். 1969இல் அவருடைய 'சாத்தானிக் பைபிள்' வெளிவந்தது. இவர்களின் தலையாய பண்டிகை எது தெரியுமா? அவரவர் பிறந்தநாள்!

● குழந்தைகளைத் துன்புறுத்தக் கூடாது. உணவுக்காகவோ, தாக்க வந்தாலோ தவிர விலங்குகளைக் கொல்லக் கூடாது. லாவே வகுத்த விதிகளில் இவையும் உண்டு. ஆனால் 1980களில் 'சாத்தான் பீதி' அமெரிக்காவைப் பிடித்தாட்டியது. குழந்தைகளைப் பலியிடும் ரகசியக் கூட்டங்கள் நாடெங்கும் இருப்பதாகப் பேச்சு. கலிஃபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது 1983இல் எழுந்த புகார் 1990 வரை வழக்காக இழுத்தது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட கொலைக் கூட்டங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எஃப்.பி.ஐ. அதிகாரி கென்னத் லானிங் 1992இல் அறிக்கை எழுதினார். அதற்குள் குற்றமற்ற பலரின் வாழ்க்கை குலைந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் பதறாமல், யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு அவசியம்!

● முதல் பெரிய பிளவு 1975இல். பணமோ சொத்தோ கலைப்பொருளோ கொடுப்பவர்களுக்கும் குரு பட்டம் தரலாம் என்று லாவே முடிவெடுத்தார். ராணுவ அதிகாரியான மைக்கேல் அக்வினோ வெகுண்டு வெளியேறி, உடன் வந்தவர்களைச் சேர்த்து 'டெம்பிள் ஆஃப் செட்' கண்டார். பணத்தில் தொடங்கிய சண்டை கொள்கைக்குள்ளும் புகுந்தது. லாவேக்குச் சாத்தான் ஓர் உருவகம். அக்வினோவுக்கோ அவன் மெய்யாகவே இருப்பவன்; பழைய எகிப்தியர் வணங்கிய செட் என்ற தெய்வமே அவன்.

● லாவேயின் மகள் ஜீனாவுக்கு 1967இல், 3 வயதில், சாத்தான் பெயரில் ஞானஸ்நானம் நடந்தது. வளர்ந்து சபையின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர், 1990இல் தந்தையையும் சபையையும் சேர்த்தே துறந்தார். பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம், அக்வினோவின் டெம்பிள் ஆஃப் செட்!

● 1997இல் லாவே இறந்ததும் வாரிசுத் தகராறு. சபை அவருடைய துணைவி பிளாஞ்ச் பார்ட்டன் கைக்குப் போனது. மூத்த மகள் கார்லா 1999இல் 'ஃபர்ஸ்ட் சாத்தானிக் சர்ச்' என்று தனியே ஆரம்பித்தார். கறுப்பு வீடு 2001இல் இடிக்கப்பட்டது.

● இளையதான சாத்தானிக் டெம்பிள் 2013இல் வெளியுலகுக்கு வந்தது. நிறுவியவர்கள் லூசியன் கிரீவ்ஸ், மால்கம் ஜாரி, இரண்டுமே புனைபெயர்கள். தலைமையகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில். 1692இல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்களே, அந்த விசாரணைகள் நடந்த ஊர்.

● ஓக்லஹோமா சட்டமன்ற வளாகத்தில் பத்துக் கட்டளைகள் பொறித்த கல் இருந்தது. "ஒரு மதத்துக்கு இடம் உண்டென்றால் எங்களுக்கும் உண்டு" என்ற வாதத்தோடு, ஆட்டுத் தலையும் சிறகுகளும் கொண்ட பாஃபோமெட் வெண்கலச் சிலையை டெம்பிள் வார்த்தது. உயரம் சுமார் 2.6 மீட்டர். 2015இல் வேறொரு வழக்கின் தீர்ப்பால் அந்தக் கல் அகற்றப்பட்டது. சிலைக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் டெட்ராய்ட்டில் திறக்கப்பட்ட சிலை, 2018இல் ஆர்கன்சா சட்டமன்றத்தின் முன் நடந்த கூட்டத்துக்கு லாரியில் போனது. சிறுபான்மையினரின் உரிமையை இவ்வளவு கூர்மையாக உரசிப் பார்த்த போராட்டங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

● மூத்தவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அரசியல் அவரவர் சொந்த விஷயம், சபைக்கு அதில் வேலையில்லை; இவர்கள் சாத்தான் வேடமிட்ட அரசியல் இயக்கத்தினர் என்பது சர்ச்சின் வாதம். வலியவன் வெல்வான் என்னும் லாவேயின் தத்துவம் காலாவதியானது என்பது டெம்பிளின் பதில். அதன் ஏழு கொள்கைகளில் முதலாவது, எல்லா உயிர்களிடத்தும் பரிவு காட்டுவது. இந்த வழக்கில் என் மனம் இளையவர்கள் பக்கம்தான் சாய்கிறது.

● ஆனால் ஓர் இடத்தில் மூத்தவர்கள் சொன்ன சொல் மாறவில்லை. மத நிறுவனங்களும் வரி கட்ட வேண்டும் என்பது லாவேயின் கொள்கை. சர்ச் வரிவிலக்கு கேட்பதில்லை. சாத்தானிக் டெம்பிளோ 2019இல் மத அமைப்பாக அங்கீகாரமும் வரிவிலக்கும் பெற்றது.

● சர்ச்சில் பதிவுபெற்ற உறுப்பினராக ஒருமுறைக் கட்டணம் 225 டாலர். டெம்பிளில் சேர்வது இலவசம்.

● பிளவு இளையவர்களையும் விடவில்லை. 2018இல், அமைப்புக்காக வாதாட ஒரு வழக்கறிஞரை ஏற்றுக்கொண்ட விதம் பிடிக்காமல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளை மொத்தமாக வெளியேறியது. தீவிர வலதுசாரிகளுக்காக வாதாடியவர் அவர் என்பது கிளையினரின் குறை.