காகிதக் கவச ஊர்தி

உஞ்சை நகர் வேந்தனாகிய பிரச்சோதனன், உதயணனைச் சிறைப்படுத்தக் கருதினான். மதங்கொண்ட களிற்றையும் யாழிசையால் வயப்படுத்தும் ஆற்றலுடைய உதயணனை நேர்நின்று பற்றுதல் எளிதன்று. ஆகவே மன்னன் கைவல்ல தச்சரைக் கொண்டு பொய்யானை ஒன்று செய்வித்து, அதன் வயிற்றினுள் வீரரைக் கரந்து வைத்துக் காட்டில் விடுத்தான். மெய்யானை என்றெண்ணி அதனை நெருங்கிய உதயணன் அகப்பட்டுக்கொண்டான். இவ்வுதயணன் வரலாற்றைப் பெருங்கதை என்னும் பெயரால் தமிழில் பாடிய கொங்குவேளிர், கொங்கு நாட்டுப் புலவர். புறத்தே காப்பாகிய தோல், அகத்தே மறைந்த படைஞர், தன்னளவில் நகரும் இயக்கம் ஆகிய மூன்றும் கூடியதே இக்காலத்து டாங்கி என்னும் கவச ஊர்தி. அங்ஙனமாயின், அப்பொய்யானையைக் கற்பனை டாங்கிகளுள் மிகப் பழையதொன்று எனல் மிகையாகாது.

நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலையின் சாரலை நோக்கி அமைந்துள்ள சேந்தமங்கலத்து மாணவர்க்கு இத்தகைய கதைகள் புதியன அல்ல. அவர்கள் நாள்தோறும் காணும் அம்மலையிலேதான், தெய்வம் அமைத்ததெனச் சங்கப் புலவர் போற்றிய கொல்லிப்பாவை இருந்ததென்பர். அவ்வூர் மாணவன் ஒருவன் தன் மனத்தில் எழுந்த டாங்கி ஒன்றைக் காகிதத்தால் உருவாக்க விரும்பினால், அதற்கு வேண்டிய பொருள்களைத் தொலைவில் தேடவேண்டுவதில்லை. அவன் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளிபாளையத்தில் 1960-இல் நிறுவப்பட்ட காகித ஆலை உண்டு. சேலம், நாமக்கல் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு என வழங்கும் மரவள்ளிக் கிழங்கு வேண்டுமளவு விளைகிறது. அதன் மாவே நல்ல பசை. மாவை முதலில் தண்ணீரில் கரைத்து, பின்னர் இளஞ்சூட்டில் இடைவிடாது கிளறிவர, வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளியும். கொதிநீரில் மாவை நேரே கொட்டுபவனுக்குக் கட்டிகளே மிஞ்சும். பூச்சி அரிக்காதிருத்தற்பொருட்டுப் புத்தகம் கட்டுவோர் இப்பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். துத்தம் நஞ்சாதலின் அதனைப் பெரியோர் முன்னிலையிலேயே கையாளவேண்டும்.

எதனைச் செய்வது என்பது அடுத்த வினா. இத்தாலி நாட்டு ஓவியராகிய லியோனார்டோ டா வின்சி, 1487-ஆம் ஆண்டளவில் ஊர்தி ஒன்றை வரைந்து வைத்தார். ஆமை ஓட்டினை ஒத்த கூம்பு வடிவக் கூரை; அதன் விளிம்பைச் சுற்றிலும் பீரங்கிகள்; உள்ளே நின்று சுழற்றுகோலைத் திருப்பும் ஆடவர்: இதுவே அதன் அமைப்பு. அவர் காலத்தில் அது செய்யப்படவில்லை. ஆனால் காகிதத்தில் அதனைச் செய்தல் எளிது. 8 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து அதிற் கால்பங்கை வெட்டி நீக்குக. நீக்கும்போது ஒட்டுவதற்கென ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விளிம்பு விடல்வேண்டும். எஞ்சிய முக்கால் வட்டத்தை வளைத்து ஓரங்களைப் பொருத்தினால், அடியில் 6 சென்டிமீட்டர் ஆரமும் ஏறக்குறைய 5.3 சென்டிமீட்டர் உயரமும் உடைய கூம்பு எழும். வடிவக் கணித வகுப்பில் வெறும் கோடாகத் தோன்றிய விரிப்புப் படம் இங்கே கைக்குள் அடங்கும் பொருளாகிவிடுகிறது. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலாளர் தகட்டில் செய்வதும் இதுவே: தட்டையான தகட்டில் அளவு குறித்து, வெட்டி, மடித்து, கன உருவம் ஆக்குகின்றனர். அவர்கள் பிழைசெய்தால் நட்டம் பெரிது. காகிதத்தில் பிழைசெய்தால் ஒரு தாள்தான் போகும்.

கூம்பின் அடியில் அச்சுகளையும் பற்சக்கரங்களையும் அட்டையால் அமைத்துச் சுழற்றிப் பார்ப்பவனுக்கு வியப்பொன்று காத்திருக்கிறது. லியோனார்டோவின் படத்திற் கண்டவாறே பற்களைப் பொருத்தினால், முன் சக்கரங்கள் ஒரு திசையிலும் பின் சக்கரங்கள் எதிர்த் திசையிலும் சுழலும். ஊர்தி நின்ற இடத்திலேயே நிற்கும். பகைவர் கைப்பட்டாலும் பயன்படாதவாறு அவர் வேண்டுமென்றே அவ்வாறு வரைந்தார் என்று கருதுவோரும் உளர். அஃது எவ்வாறாயினும், கண்ணுக்குக் குறையின்றித் தோன்றிய படம் கை செய்து பார்க்கும்போது தன் குறையைக் காட்டிவிடுகிறது. படத்தை மட்டும் நோக்கி மகிழ்வோர் இதனை அறியார்.

மெய்யான டாங்கிகள் முதன்முதல் போர்க்களம் புகுந்த நாள் 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15. பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் போரில் ஆங்கிலேயர் அவற்றைச் செலுத்தினர். கட்டப்படுங்கால் மறைபொருளாக வைத்தற்பொருட்டு அவற்றை நீர்த்தொட்டிகள் என்று சொல்லிவைத்தனர். தொட்டியைக் குறிக்கும் அப்பெயரே பின்னர் நிலைத்தது. அவற்றுக்கு நிறந்தீட்டும் பணியைச் சாலமன் ஜே. சாலமன் என்னும் ஓவியர் ஏற்றார். பச்சையும் பழுப்பும் பிறவுமாகத் திட்டுத்திட்டாக அவர் தீட்டிய வண்ணம், களத்துச் சேற்றில் புரண்டவுடன் மறைந்துபோயிற்று. பின்னர் ஒரே மண்ணிறத்தைப் பூசிவிட்டனர். ஓவியரின் உழைப்பைச் சேறு வென்றது!

காகித உருவுக்கு நிறம் மாற்றுவோரும் இதனை நினைவிற்கொள்ளல் நன்று. போலந்து நாட்டில் 1957 முதல், வெட்டி ஒட்டுதற்குரிய கப்பல், வானூர்தி, டாங்கி ஆகியவற்றின் விரிப்புகளை அச்சிட்டு வெளியிடும் இதழொன்று சிறுவரிடையே பரவிற்று. இத்தகைய தாள்களில் வண்ணமும் அச்சாகியே வரும். கரும்பச்சையாக வந்ததன்மீது நீர்வண்ணத்தால் மணல் நிறம் பூச முயன்றால், அடிநிறமே மேலோங்கித் தெரியும். எனவே உருவரையை மட்டும் வெள்ளைத் தாளில் படியெடுத்து, இளநிறத்தை முதலிலும் அடர்நிறத்தைப் பின்னரும் தீட்டல்வேண்டும். இந்நாளில் கணிப்பொறியில் நிறத்தை மாற்றி அச்சிட்டுக்கொள்வோர் பலர். அது விரைவானது; ஆயினும் எந்நிறம் எந்நிலத்தில் மறையும் என்பதைத் தூரிகை பிடித்தவனே விரைவில் உணர்வான். மேற்புறத்தில் வெயில் படுதலால் அங்கே சற்று அடர்நிறமும், நிழல் விழும் கீழ்ப்புறத்தில் இளநிறமும் பூசினால், ஊர்தியின் திரட்சி கண்ணுக்குப் புலனாகாது மங்கும். மான் முதலிய விலங்குகளின் வயிறு வெளுத்திருப்பதை நோக்குக.

வண்ணம் தீட்டியபின், தாளை ஈரம் உலரும்வரை கனமான நூல்களின்கீழ் வைத்தால் அது சுருளாது. மடிக்கவேண்டிய கோடுகளின்மேல் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் விளிம்பு நேராக வரும். தாளுக்கும் மரத்தைப் போல நாரோட்டம் உண்டு. இருபுறமும் வளைத்துப் பார்த்து, எப்பக்கம் எளிதில் வளைகிறதோ அப்பக்கமாகவே பீரங்கிக் குழலைச் சுருட்டுக. மாறிச் சுருட்டினால் குழல் நெளிந்து முறியும். வெட்டிய விளிம்புகளில் தோன்றும் வெள்ளைக் கோட்டுக்கும் அதே நிறத்தைத் தொட்டு வைத்தல்வேண்டும். அக்கோடு ஒன்றே இது காகிதம் என்று காட்டிக்கொடுக்கும்.

காகிதம் என்று காட்டிக்கொடாத டாங்கிகள் வரலாற்றில் உண்டு. 1919-இல் ஏற்பட்ட வெர்சேல்சு உடன்படிக்கை, செருமனி நாடு டாங்கி வைத்திருத்தலைத் தடுத்தது. அந்நாட்டுப் படையினர் அட்டையாலும் துணியாலும் மரத்தாலும் போலி டாங்கிகள் செய்து, மோட்டார் வண்டிகளின்மேல் கவிழ்த்துப் பயின்றனர். அதனைக் கண்டு நகைத்தோர் பலர். அட்டைக்குள் பயின்ற முறைகளையே, இருபது ஆண்டுகளுக்குப்பின் அவர்கள் இரும்புக்குள் அமர்ந்து ஐரோப்பாவின்மேல் ஏவினர்.

1942-ஆம் ஆண்டு அக்டோபரில் எகிப்து நாட்டு எல் அலமைன் பாலையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. போர் தொடங்குமுன், ஆங்கிலேயர் தம் டாங்கிகள் பலவற்றின்மேல் மரச்சட்டமும் கித்தானுமாகிய இரு பாதிக் கூடுகளைக் கவித்தனர். வானிலிருந்து நோக்கிய பகைவர்க்கு அவை சரக்கு லாரிகளாகத் தோன்றின. டாங்கிகள் முன்னர் நின்ற இடங்களில் போலி டாங்கிகளை நிறுத்தினர். பகைவர் தாக்குதல் எத்திசையினின்று வருமென அறியாது மயங்கினர்.

டாங்கியை லாரியாக்கும் அக்கூட்டினையும் காகிதத்தில் செய்யலாம். சேந்தமங்கலத்து மாணவனுக்கு லாரியின் வடிவை யாரும் வரைந்து காட்டவேண்டுவதில்லை. முன்பாதி, பின்பாதி என இரண்டாக வெட்டி, சக்கரங்களை வட்டமாகத் தீட்டி, தார்ப்பாயின் மடிப்புகளை நிழற்கோடுகளால் காட்டி, டாங்கியின்மேல் கவித்து, ஆளுயரத்திலிருந்து நோக்கினால் போதும். உள்ளிருக்கும் பீரங்கி சிறிதும் வெளியே நீளாதவாறு அளவெடுப்பதே அதில் அரிய பகுதி.