கிளஸ்டர் கட்டுவோம் – 9: அடையாளம் அழித்த டிஸ்க்

சென்ற வாரம் மூன்று விர்ச்சுவல் மெஷின்களைக் கொண்டு ஒரு சின்ன குபர்நெட்டிஸ் கிளஸ்டர் கட்டினோம். ஒரு நோடைத் திடீரென நிறுத்திப் பார்த்தோம், நெட்வொர்க்கைத் துண்டித்துப் பார்த்தோம். இப்போது அந்தக் கிளஸ்டரைக் கலைத்தாக வேண்டும். பழைய சோதனையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் அடுத்த சோதனை சொல்லும் முடிவை நம்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் உபுண்டுவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நிறுவிக்கொண்டிருந்தால் சோதனைக்கு நேரமே மிஞ்சாது. அதனால்தான் எல்லாம் ஏற்றி முடித்த ஒரு டிஸ்க் இமேஜைத் தயாராக வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேண்டிய அளவு நோட்களைக் கிளப்புகிறார்கள்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. உபுண்டுவின் கிளவுட் இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வாப்பை அணைத்து, கண்டெய்னர்டியையும் கியூப்லெட்டையும் நிறுவி, அவற்றின் பதிப்பு தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். கிளஸ்டருக்கு வேண்டிய கண்டெய்னர் இமேஜ்களையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். 2020 நவம்பரிலிருந்து டாக்கர் ஹப் இலவசப் பதிவிறக்கங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பத்து நோட்கள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னாலிருந்து கேட்டால் அந்த வரம்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். குபர்நெட்டிஸின் பழைய பேக்கேஜ் களஞ்சியங்கள் 2024-இல் அகற்றப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த நிறுவல் ஸ்கிரிப்டுகள் அப்படியே நின்றுவிட்டன. தேவையானதை உள்ளேயே வைத்திருந்த இமேஜ்கள் வழக்கம்போல பூட் ஆயின.

இமேஜிலிருந்து எதை அழிக்கிறோம் என்பதில்தான் இந்த வேலையின் தரமே இருக்கிறது. நகல் எடுத்த ஒவ்வொரு நோடும் தன்னைத் தனி மெஷினாக உணர வேண்டும். அதற்கு, மூல டிஸ்க்கில் எந்த அடையாளமும் தங்கியிருக்கக் கூடாது.

முதல் குற்றவாளி, இடிசி கோப்புறைக்குள் இருக்கும் மெஷின்-ஐடி என்ற கோப்பு. அதில் 32 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரிதான். அதை அப்படியே விட்டு இரண்டு நோட்களைக் கிளப்பினால் இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி வந்து நிற்கும். மேக் முகவரிகளைப் பார்த்தால் வேறுவேறாகவே இருக்கும். பலர் இங்கேதான் மணிக்கணக்கில் திணறுகிறார்கள். உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி, டிஎச்சிபி சர்வரிடம் தன்னை மேக் முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய ஓர் எண்ணைச் சொல்கிறது. ஒரே ரேஷன் கார்டு எண்ணோடு இரண்டு குடும்பங்கள் வந்து நின்றால் கடைக்காரருக்கு அது ஒரே குடும்பம்தானே! தீர்வு எளிது. இமேஜ் எடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள். ஒவ்வொரு நகலும் பூட் ஆகும்போது தனக்கென்று புதிய எண்ணை எழுதிக்கொள்ளும்.

அடுத்தது எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ. இது பாதுகாப்புப் பிரச்சினை. இமேஜுக்குள் தனிச்சாவி இருந்தால், இமேஜ் கையில் கிடைக்கிற எவரும் உங்கள் நோட்களில் எதைப்போலவும் வேஷம் போடலாம். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இணையம் முழுவதையும் அலசி, ஏராளமான கருவிகள் ஒரே சாவியைப் பகிர்ந்துகொண்டிருந்ததைக் காட்டியது. சாவிகளை அழித்துவிட்டு, மெஷினைப் பூட்டின்போது தயார்செய்யும் கிளவுட்-இனிட்டின் பழைய நினைவையும் துடைத்துவிட்டால், முதல் பூட்டில் அது புதிய சாவிகளை உருவாக்கிக்கொள்ளும். லிப்கெஸ்ட்எஃப்எஸ் தொகுப்பில் உள்ள வர்ட்-சிஸ்பிரெப், அணைத்து வைத்த டிஸ்க்கிலேயே இந்தத் துடைப்பு வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

கிளஸ்டரைத் தொடங்கும் கட்டளையை மட்டும் இமேஜுக்குள் ஓட்டிவிடாதீர்கள். ஓட்டினால் சான்றிதழ் ஆணையத்தின் தனிச்சாவியும் உள்ளே பதிந்துபோகும். பிறகு அதிலிருந்து பிறக்கும் கிளஸ்டர்கள் எல்லாம் ஒரே ஆணையத்தை நம்பும்; ஒன்றின் நிர்வாகச் சான்றிதழ் இன்னொன்றையும் திறந்துவிடும். தொடங்காத நோடில் கியூப்லெட் சில வினாடிக்கு ஒருமுறை விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது கட்டளைக்காகக் காத்திருக்கிறது.

துடைத்து முடித்த டிஸ்க்கை முழுசாக நகலெடுக்கத் தேவையில்லை. கியூமுவின் கியூகவ்2 வடிவத்தில் மூல இமேஜை அடியில் வைத்து, மேலே ஒரு மெல்லிய கோப்பை உருவாக்கலாம். தொடக்கத்தில் அது 200 கேபியைக்கூடத் தொடாது. நோட் எழுதுவது மட்டும் மேலே சேரும், மற்றதெல்லாம் அடியிலிருந்து வாசிக்கப்படும். சோதனை முடிந்ததும் மேல் கோப்பை அழித்தால் போதும். ஆனால் மேலே கோப்புகள் இருக்கும்போது அடி இமேஜைப் பூட் செய்து ஒரு அப்டேட் போட்டால்கூட மேலே உள்ள அத்தனை நோட்களும் பாழாகும். அதனால் மூலத்தை வாசிக்க மட்டும் அனுமதித்துப் பூட்டி வையுங்கள்.

கையால் செய்த இமேஜ் என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. யார் எதை மாற்றினார்கள் என்பது ஆறு மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்குள் தேங்கிவிடும். ஹாஷிகார்ப்பின் பேக்கர் 2013-லிருந்தே இருக்கிறது. இமேஜ் கட்டும் படிகளை அதில் ஸ்கிரிப்டாக எழுதி வைத்தால் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் இமேஜும் புதிதாகும். ஒவ்வொரு முறையும் இரண்டு நோட்களைக் கிளப்பி மெஷின்-ஐடி, ஐபி முகவரி, ஹோஸ்ட் கீ மூன்றையும் ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று ஒத்துப்போனாலும் அந்த இமேஜை ஒதுக்கிவிட்டு ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.

(அடுத்த வாரம்: பேக்கர் ஸ்கிரிப்டை வரிவரியாக எழுதுவோம்)