பிறன்மனை நாடுதலும் சட்டமும்

குடும்பத்தில் பிளவு நேரும்பொழுது அதன் துயரம் கணவன் மனைவியரோடு நின்றுவிடுவதில்லை. குழந்தைகளின் உணவும் கல்வியும் அதனால் கெடுகின்றன. கிராமங்களில் இவ்விஷயம் பற்றி இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. பிறன்மனை நாடியவனைப் போலீசார் சிறையிலடைப்பர் என்பது ஒன்று. சட்டமே நீங்கிவிட்டதால் இனி எவ்விதப் பலனும் இல்லை என்பது மற்றொன்று. உண்மை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் வழங்கி வந்தது. அதன்படி தவறிய மனைவிக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைவாசம் உண்டு. கணவனோ, தான் மனைவியோடு வாழும் வீட்டிலேயே வேறொருத்தியை வைத்திருந்தாலன்றிக் குற்றவாளி ஆகான். அப்பொழுதும் அவனுக்கு அபராதம் மட்டுமே. கணவன் மனைவியை மீண்டும் ஏற்றுக்கொண்டால் அவள் தண்டனை நின்றுவிடும். இந்தக் குற்றத்தைப் பிரான்சு நாடே 1975இல் நீக்கிவிட்டது.

இந்தியாவுடன் புதுவை இணைந்தபின், 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது. அதன் 497ஆம் பிரிவு ஆடவனை மட்டுமே தண்டித்தது; சிறைவாசம் 5 ஆண்டு வரை. ஆனால் கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமில்லை. தன் கணவன் தவறினால் மனைவி புகார் செய்யவும் வழியில்லை. பெண்ணைக் கணவனின் உடைமையாகக் கருதிய இப்பிரிவை, 2018 செப்டம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் செல்லாதென ஒருமனதாகத் தீர்த்தனர். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றம் இடம்பெறவில்லை.

ஆயினும் குற்றம் நீங்கியதே தவிர, விளைவு நீங்கவில்லை. இந்து திருமணச் சட்டப்படி, கணவனாயினும் மனைவியாயினும் ஒருமுறை தவறினும் மற்றவர் விவாகரத்துக் கோரலாம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்னர், தொடர்ந்து அவ்வாறு வாழ்வதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தவற்றை மன்னித்து மீண்டும் கூடி வாழ்ந்தவர் பின்னர் அதையே காரணங்காட்டி விடுதலை பெற இயலாது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணைப்படித் தம் சொந்த வழக்காற்றைத் துறந்த ரெனோன்சான் குடும்பத்தார்க்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. அவர்கள் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் வழியே நீதி நாட வேண்டும்.

ஜீவனாம்சம் பற்றி அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். பிறனோடு தொடர்ந்து வாழும் மனைவி கணவனிடம் மாதப்படி கோர முடியாது. ஆனால் ஒருமுறை நேர்ந்த தவறு இதற்குப் போதாது. மெய்ப்பிக்கும் பொறுப்பும் கணவனுடையதே. வெறும் சந்தேகத்தைச் சொல்லி மனைவியைத் தெருவில் நிறுத்த எவர்க்கும் உரிமையில்லை. தாய் மீது எக்குறை கூறப்படினும் குழந்தைகளின் ஜீவனாம்ச உரிமை குன்றாது. மனைவி உயிரோடிருக்கையில் சட்டப்படி விவாகரத்துப் பெறாமல் மறுமணம் புரியும் இந்துக் கணவன் 7 ஆண்டு வரை சிறை செல்ல நேரிடும்.

இத்தகைய வழக்குகளில் அபராதம் விதிக்கவோ, ஊர்விலக்குச் செய்யவோ, பெண்ணை அவமானப்படுத்தவோ ஊர்ப் பெரியோர்க்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை. ஆத்திரத்தால் அடிப்பதும் வெட்டுவதும் தனிக் குற்றங்களாம். பெரியோர் செய்யத்தக்கது, இருவரையும் அமைதியாகப் பேசச் செய்து, அது பயனளிக்காவிடில் நீதிமன்றத்திற்கு வழி காட்டுவதே. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. புதுச்சேரி சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகி இவ்வுதவியைப் பெறலாம்.

பிறன்மனை நாடாமையை வள்ளுவர் தனி அதிகாரமாகவே வகுத்தார். அது மனிதன் தன்னைத் தானே காக்கும் அறம். அந்த அறம் தவறிய வீட்டிலும் குழந்தையின் சோறும் பெண்ணின் மானமும் காக்கப்படவேண்டும். அதற்கு வழி செய்வது சட்டம். அவ்வழியை அறிந்து அண்டை வீட்டார்க்கும் உரைப்பது கிராம மக்களாகிய நம் அனைவரின் கடமையாகும்.