மூணு சக்கரம் இருந்தா அது பைக் இல்லையா?



"மூணு சக்கரம் வந்துட்டா அப்புறம் அது என்ன பைக்?" இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைக் ஓட்டுகிறவர்கள் பல வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நம்ம ஊரில் மூணு சக்கர ஸ்கூட்டர் என்றால், மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் சைடு வீல் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். (நின்று எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மொத்தம் நாலு! பெயர் மட்டும் மூணு சக்கரம்.) என் சித்தப்பா ஓட்டுவதும் அதுதான். அவருக்குச் சின்ன வயதில் போலியோவால் வலது கால் பாதிக்கப்பட்டது. "அதெல்லாம் வண்டியே இல்ல" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

சைடு வீல் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1885-ல் ஜெர்மனியில் டெய்ம்லர் செய்த பெட்ரோல் மோட்டார் சைக்கிளிலேயே, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் இருந்தது. 1932 முதல் 1973 வரை ஹார்லி டேவிட்சன் கம்பெனி 'சர்வி கார்' என்று ஒரு மூணு சக்கர வண்டி செய்தது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் அதில் சுற்றித்தான் பார்க்கிங் அபராதச் சீட்டு எழுதினார்கள். வயது ஒரு பிரச்சினை இல்லை. சண்டை எல்லாம் 'சாய்வது' பற்றித்தான்.

வளைவில் இரண்டு சக்கர வண்டி உள்பக்கமாகச் சாயும். சாயாவிட்டால் வெளிப்பக்கம் தூக்கி எறியும். எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், சுமார் 27 டிகிரி. பைக்காரர்கள் "இதுதான்பா சுகமே" என்று சொல்வது இந்தச் சாய்வைத்தான்.

சைடு வீல் வண்டியால் சாய முடியாது. வண்டியின் நடுவிலிருந்து பக்கச் சக்கரம் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஆளோடு சேர்த்து ஈர்ப்பு மையம் 80 செ.மீ. உயரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே வளைவில் அதே 36 கி.மீ. வேகத்தை நெருங்கும்போதே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும்! முன்னால் ஒரே சக்கரம் என்பதால் உண்மையில் இன்னும் குறைந்த வேகத்திலேயே எழும்பும். பைக் அலட்டாமல் திரும்புகிற இடத்தில் சித்தப்பா 20-க்குக் குறைத்துத்தான் திரும்புவார். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அவருக்கு எங்கே இந்தக் கணக்கு தெரியப்போகிறது?

இன்னொரு வேடிக்கை. வேகமாகப் போகும் பைக்கை இடது பக்கம் திருப்ப, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும், அப்புறம் இடப்பக்கம் போகும். ஓட்டுகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் இதைச் செய்கிறார்கள். சைடு வீல் வண்டியில் இடது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி நேரே வலப்பக்கம்தான் போகும். எங்கள் தெருவில் பத்து வருஷமாகப் புல்லட் ஓட்டும் அண்ணன் ஒருவர், காலி மைதானத்தில் சித்தப்பா வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வியர்த்துப் போய் இறங்கினார். "இது சுலபம்னு யாருடா சொன்னது?" என்றார். சக்கரம் கூடினால் ஓட்டுவது எளிது என்கிற பேச்சு அன்றோடு போச்சு.

கம்பெனிகள் இரண்டு விதமாக வழி கண்டுபிடித்திருக்கின்றன. கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடர் 2007-ல் வந்தது. சாயாது. ஆனால் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. வளைவில் பிரேக் போட்டால் எடை அகலமான பக்கத்துக்கு வருவதால் கவிழும் பயம் குறைவு. இத்தாலியின் பியாஜியோ எம்.பி.3 2006-ல் வந்தது. அதன் முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சாயும். சிக்னலில் நிற்கும்போது பூட்டிவிட்டால் காலை ஊன்றவே வேண்டாம். 2018-ல் விற்பனைக்கு வந்த யமஹா நிக்கனும் சாயும் வகைதான். சாயும் வண்டியைப் பைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது ஒப்புக்கொள்கிறார்கள். சாயாத வண்டியைத்தான் "கூரை இல்லாத கார்" என்று கிண்டல் செய்கிறார்கள். ஆனால் முட்டிவலி வந்து 350 கிலோ வண்டியை நிறுத்திப் பிடிக்க முடியாமல் போன பெரியவர்கள், "ஓட்டுறதையே விடுறதுக்கு இது மேல்" என்று அதையே வாங்குகிறார்கள். எனக்கு அவர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

நம்ம ரோட்டுக்கு வருவோம். பைக்குக்கு ஒரே தடம், பள்ளத்தை ஒதுக்கிவிடலாம். சைடு வீல் வண்டிக்கு மூன்று தடம். நடுச்சக்கரத்தைக் காப்பாற்றினால் பக்கச் சக்கரம் குழியில் இறங்கும். ரோடு ஓரத்தில் சரிவாக இருப்பதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். சித்தப்பாவுக்கு இடது தோள்தான் முதலில் வலிக்கும். இத்தனைக்கும் நடுவில் தினமும் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்கு யாரையும் கெஞ்சாமல் போய் வருகிறார். முன்பு லிஃப்ட் கேட்டு நிற்பார். கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இந்த ஸ்கூட்டரை இலவசமாகவே கொடுக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இதை 'இன்வாலிட் கேரேஜ்' என்றது. 2019-ல் திருத்தம் வந்து 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது தேவைக்கேற்ப மாற்றியமைத்த வாகனம் என்று பெயர் மாறியது. நல்லவேளை!

பாக்கி இருக்கும் குறை ஒன்றுதான். ஸ்பைடருக்கு ரிவர்ஸ் கியர் உண்டு, சித்தப்பா வண்டிக்கு இல்லை. பைக்காரர் காலால் உந்திப் பின்னால் எடுத்துவிடுவார். அது முடியாதவருக்குத்தானே இந்த வண்டி? சந்துக்குள் மாட்டிக்கொண்டால் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். ரிவர்ஸ் வைக்க எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறோம்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு