55 வருஷத்தில் 2 கிலோமீட்டர்: ஓடாத காருக்கு ஏன் இவ்வளவு விலை?

மேற்கூரையில் நசுங்கல். முன்கண்ணாடியில் விரிசல். மேலே விரலால் பெயர் எழுதலாம் போல தூசி. 1958-ல் தயாரான இந்த செவ்ரோலெட் கேமியோ பிக்கப் 2013-ல் 1,40,000 டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 87 லட்சம் ரூபாய்!

காரணம் ஓடோமீட்டரில் இருந்தது: 1.3 மைல். அதாவது, 55 வருஷத்தில் அந்த வண்டி ஓடியது சுமார் 2 கிலோமீட்டர்தான்.

அமெரிக்காவில் இப்படி வருஷக்கணக்கில் கொட்டகையிலோ, கராஜிலோ, வயல் ஓரத்திலோ மறந்துபோய்க் கிடந்து, பிறகு விற்பனைக்கு வரும் பழைய கார்களை ‘பார்ன் ஃபைண்ட்’ என்பார்கள். கொட்டகைக்குள் கிடைத்த புதையல் என்று வைத்துக்கொள்ளலாம். யூடியூபில் இதற்கென்றே சேனல்கள் இருக்கின்றன. கதவைத் திறக்கிறார்கள், போர்வையை விலக்குகிறார்கள், உள்ளே ஒரு மஸ்டாங். பார்க்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் புதையல் எத்தனை, பழைய இரும்பு எத்தனை?

விற்காமல் வைத்திருந்த டீலர்

அந்த கேமியோ வந்த இடம், நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சின்ன ஊர். மக்கள்தொகை 2,000-கூட கிடையாது. அங்கே ரே லாம்பிரெக்ட், மில்ட்ரெட் தம்பதி 1946 முதல் 50 வருஷம் செவ்ரோலெட் டீலர்ஷிப் நடத்தினார்கள். புது மாடல் வந்ததும் விற்காத பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவதுதான் டீலர்கள் வழக்கம். லாம்பிரெக்ட் அதைச் செய்யவில்லை. விற்காததை ஓரங்கட்டி வைத்தார். எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டிகளையும் வயலில் கொண்டுபோய் நிறுத்தினார். வருஷம் ஏற ஏற, வண்டிகளுக்கு நடுவே மரமே முளைத்துவிட்டது.

2013 செப்டம்பர் 28, 29 தேதிகளில் ஏலம். கிட்டத்தட்ட 500 வண்டிகள். ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம், டிவி நேரலை வேறு. 11 மைல் ஓடிய 1963 இம்பாலா 97,500 டாலருக்கும், 4 மைல் மட்டுமே ஓடிய 1978 கார்வெட் 80,000 டாலருக்கும் போயின.

தலைப்புச் செய்தி இத்தோடு முடிந்துவிடும். நாம் கொஞ்சம் கணக்குப் போடுவோம். மொத்த ஏலத் தொகை சுமார் 28 லட்சம் டாலர். 500 வண்டிக்கு வகுத்தால் சராசரி 5,600 டாலர். அதிலும் மேலே சொன்ன மூன்று வண்டிகள் மட்டுமே பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டன. வயலில் நின்றவற்றில் பல, சில நூறு டாலருக்குப் போனவை. ஒரே முதலாளி, ஒரே பிராண்ட், அதே அரை நூற்றாண்டுக் காத்திருப்பு. ஒன்று கூரைக்குக் கீழே நின்றது, இன்னொன்று மண்ணில் நின்றது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நின்றால் என்ன கெடும்?

ஓடினால்தானே தேயும், நின்ற வண்டிக்கு என்ன கேடு என்று தோன்றும். உண்மை தலைகீழ். டாங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிந்து கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் பிரேக் குழாய்களை உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். சிலிண்டருக்குள் துரு ஏறினால் பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும். எலி வேறு! ஒயரைக் கடித்து, சீட்டுக்குள் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கும்.

பழைய கார் விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு வரி: “நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.” அது பொய் இல்லை. நிறுத்தியது எந்த வருஷம் என்பதுதான் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட வண்டியில் எடுத்ததும் சாவியைத் திருக மாட்டார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றினால் பாதி நிம்மதி.

அப்போ, நன்றாக மூடி வைத்தால் தப்புமா? ஓக்லஹோமாவின் டல்ஸா நகரம் அதையும் செய்து பார்த்துவிட்டது. மாநிலம் உருவான பொன்விழாவுக்காக 1957-ல் ஒரு புத்தம்புது பிளிமத் பெல்வெடேர் காரைச் சுற்றிக்கட்டி, நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் தொட்டிக்குள் புதைத்தார்கள். 2007-ல் பெட்ரோலே கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று, கூடவே கொஞ்சம் பெட்ரோலும் வைத்தார்கள்! அணுகுண்டையே தாங்கும் என்று நம்பிய தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. 50 வருஷம் கழித்துத் திறந்தபோது வெளியே வந்தது, சேறு பூசிய துருக்கூடு. 2007-ல் நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாகக் கணித்தவருக்கு அந்த கார் பரிசு. வென்றவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

தூசிக்கும் விலை உண்டு

இந்தச் சந்தையில் புதிதாக வருபவர் செய்யும் பெரிய தவறு, வாங்கியதும் பெயின்ட் அடிப்பது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், முதல் சீட் துணி, வண்டியோடு பிறந்த எஞ்சின் இவற்றுக்குத்தான் பணம். எஞ்சினில் குத்தியிருக்கும் எண் காரின் எண்ணோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அதனால்தான். பெயின்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது ஒரு முறைதான்.

ஆனால் இந்த விதி எல்லா வண்டிக்கும் இல்லை. தரை ஓட்டையான, நான்கு கதவுள்ள சாதாரண செடானை அப்படியே பாதுகாப்பது எனக்கு அசட்டுத்தனமாகத்தான் படுகிறது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, சரிசெய்த பிறகு கிடைக்கும் விலையைத் தாண்டிவிடும். ஏல மேடையில் கை தூக்குமுன் போட வேண்டிய கணக்கு இது. நிறைய பேர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோன பிறகுதான் போடுகிறார்கள்.

அடுத்தது காகிதம். அமெரிக்காவில் காரின் உரிமைப் பத்திரத்தை ‘டைட்டில்’ என்பார்கள். உரிமையாளர் இறந்து, பத்திரமும் தொலைந்திருந்தால், வாங்கியவர் பெயரில் பதிவு செய்வது மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு அலைச்சல். எஞ்சின் ஓடும், சாலையில் ஓட்ட முடியாது.

பியர்ஸ் ஏலத்தில் பெரிய விலைக்குப் போன வண்டிகளுக்கு வேறு மாதிரிச் சிக்கல். 11 மைல் இம்பாலாவை வாங்கியவர் ஆசைக்குப் பக்கத்து ஊரான நார்ஃபோக் வரை ஒரு முறை ஓட்டிப்போய் வந்தால் போதும், 50 வருஷத்தில் ஓடியதைவிட அதிகமாக ஓட்டிவிட்டிருப்பார். 97,500 டாலர் கொடுத்தது அந்தச் சின்ன எண்ணுக்குத்தான். அதனால் வீட்டுக்கு அது லாரியில் ஏறித்தான் போக வேண்டும்.