திருப்பூர் யூனிட்டில் ஒரே கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. பாதி வேலை வெளி யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக நடப்பதும் உண்டு. துணி எங்கே இருக்கிறது என்பது ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவர் லீவு போட்ட அன்று தையல் மிஷின்கள் சும்மா நிற்கும். எல்லோரும் பார்க்கும்படி ஒரே கூகுள் ஷீட் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். துணியோடு சலான் வந்ததும் எடையையும் பீஸ் கணக்கையும் அதில் ஏற்றுவது யார் என்று பிரிவுக்கு ஒருவரை முடிவு செய்வதே முக்கியம். வாட்ஸ்அப் குழு அவசரத் தகவலுக்கு நல்லது; கணக்குக்கு உதவாது. சாயத்தின் நிறத்தையும் அதில் வரும் செல்போன் படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. திரைக்குத் திரை நிறம் மாறும். சாயமிட்ட துணித்துண்டை, சீரான வெளிச்சம் தரும் லைட் பாக்ஸில் வைத்து டையிங்காரரும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.